மலையூரில் உடம்பு சரியில்லை என்றால் முதலில் யாரைக் கேட்கிறார்கள்?

மழைக்காலம் வந்தால் ஒரு செய்திப் படம் தவறாமல் வந்துவிடும். மூங்கில் கழியில் போர்வையைத் தொட்டிலாகக் கட்டி, அதில் ஒரு கர்ப்பிணியையோ காய்ச்சல்காரரையோ படுக்கவைத்து, நாலு பேர் மலைப்பாதையில் தூக்கி வருவார்கள். ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, பர்கூர் மலை என்று இடம் மாறும், படம் மாறாது. 2023 மே கடைசியில் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையிலிருந்து வந்த செய்தி இன்னும் கொடுமையானது. பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனது. உடலைத் திரும்பக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் அதற்கு மேல் சாலை இல்லாத இடத்தில் நின்றுவிட, தாய் குழந்தையைக் கையில் சுமந்து மலையேறினார்.

இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் கீழ்நாட்டில் இருப்பவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். முன்னாடியே கிளம்பியிருக்கக் கூடாதா? கையில் செல்போன் இருக்கிறதே, என்ன செய்ய வேண்டும் என்று பார்த்துக்கொள்ளத் தெரியாதா? முதல் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் சாலையில் இருக்கிறது. இந்தக் கட்டுரை இரண்டாவது கேள்வியைப் பற்றியது. தொலைவான ஊர்களில் மருத்துவத் தகவல் எந்த வழியாக வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்று அடியிலிருந்து பார்க்கலாம்.

தகவல் என்றால் மூன்று கேள்விகள்

‘மருத்துவத் தகவல்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உடம்பு முடியாதவர் வீட்டில் உண்மையில் மூன்று தனித்தனிக் கேள்விகள் ஓடுகின்றன.

1. இது என்ன? நாளைக் காலை வரை பொறுக்கலாமா, இப்போதே கிளம்ப வேண்டுமா?

2. எங்கே போவது? இந்த நேரத்தில் அங்கே யார் இருப்பார்கள்? இதற்கான மருந்து அங்கே இருக்குமா?

3. போனால் என்ன ஆகும்? எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் தங்கச் சொல்வார்கள், யார் கூட இருப்பது, மரியாதையாக நடத்துவார்களா?

புத்தகம், போஸ்டர், வீடியோ, இணையத் தேடல் எல்லாம் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன, அதுவும் அரைகுறையாக. இரண்டாவது கேள்விக்கு அந்த வட்டாரத்தில் புழங்குகிறவரால்தான் பதில் சொல்ல முடியும். மூன்றாவது கேள்விக்கு, போய்விட்டு வந்தவர் சொன்னால்தான் நம்புவார்கள்.

ஓர் உதாரணம். கட்டுவிரியன் கடி பெரும்பாலும் இரவில், தரையில் படுத்துத் தூங்குகிறவர்களுக்கு நேர்கிறது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அதிகம் இருக்காது, பல் பட்ட தடமே சில சமயம் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி என்று எழுந்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கண் இமை தானாகச் சரியத் தொடங்கும், எச்சில் விழுங்க முடியாது, பிறகு மூச்சுத் திணறும். வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிவது வயிற்று வலி மட்டும்தான். ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுப்பார்கள். பாம்பு என்ற சந்தேகமே வராத வீட்டில், ‘பாம்பு கடித்தால் என்ன செய்வது’ என்று போனில் தேட யாருக்குத் தோன்றும்?

சரி, சந்தேகம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். விஷமுறிவு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கலாம். மூச்சு நின்றால் செயற்கை சுவாசம் கொடுக்கும் இயந்திரம் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கும். பக்கத்தில் இருப்பதற்குப் போவதா, நேராகத் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போவதா என்பது இரண்டாவது கேள்வி. இதற்குப் பதில் எந்த வீடியோவிலும் கிடைக்காது.

அரசு போட்டுவைத்திருக்கும் படிக்கட்டு

இந்தியாவில் கிராமப்புற சுகாதார அமைப்பு மக்கள்தொகைக் கணக்கில் கட்டப்பட்டது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலை மற்றும் பழங்குடிப் பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று. அதற்கு மேலே ஆரம்ப சுகாதார நிலையம், சமவெளியில் 30,000 பேருக்கு, மலையில் 20,000 பேருக்கு. தமிழ்நாட்டில் துணை சுகாதார நிலையங்கள் மட்டும் 8,700 அளவில் இருக்கின்றன.

துணை சுகாதார நிலையத்தின் உயிர் கிராம சுகாதார செவிலியர்தான். ஊரில் அவரை ‘நர்ஸம்மா’ என்பார்கள். எந்த வீட்டில் யார் கர்ப்பம், எத்தனையாவது மாதம், எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி என்பது அவர் நோட்டில் இருக்கும். கர்ப்பத்தைப் பதிவு செய்து ‘பிக்மி’ எண் வாங்கித் தருவதும் அவர்தான். அந்த எண் இருந்தால்தான் மகப்பேறு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. எண்ணுக்காக அவரிடம் போகிற பெண், போன இடத்தில் ரத்தசோகை பற்றியும், கால் வீக்கமும் தலைவலியும் சேர்ந்து வந்தால் உடனே வர வேண்டும் என்பது பற்றியும் கேட்டுக்கொண்டு வருகிறாள். தகவலுக்காக என்று தனியாக யாரும் நடப்பதில்லை. வேறு ஒரு வேலைக்குப் போகும்போது கூடவே கிடைப்பதுதான் தகவல்.

தேசிய ஊரக சுகாதார இயக்கம் 2005-இல் தொடங்கியபோது வந்தவர்கள் ஆஷா பணியாளர்கள். பல வட மாநிலங்களில் ஊருக்கு ஒருவர் என்று நியமித்தார்கள். தமிழ்நாட்டில் செவிலியர் வலை ஏற்கெனவே இருந்ததால், ஆஷாக்களைப் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளுக்கு மட்டும் எடுத்தார்கள். ஆஷா அந்த ஊர்ப் பெண். நர்ஸம்மா கீழே போய்விட்டாலும் இவர் அங்கேயே இருப்பார்.

மூன்றாவதாக, 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரை கொடுக்கிறார்கள். மாத்திரை விநியோகத்தைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதற்குள் மறைந்திருக்கும் தகவல் மாற்றத்தை அவ்வளவாகப் பேசுவதில்லை. ரத்த அழுத்தத்துக்கு வலி கிடையாது. வலி இல்லாத நோயைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்கப் போவதில்லை. கேட்காதவருக்கு வீடு தேடி வந்து சொல்கிற ஏற்பாடு இது.

இந்தப் படிக்கட்டின் பலவீனம் அதன் அளவுகோலிலேயே இருக்கிறது. 3,000 பேர் என்பது தலைக்கணக்கு. கொல்லிமலையிலோ கல்வராயனிலோ அந்த 3,000 பேர் ஒரே இடத்தில் இருப்பதில்லை. பத்துப் பதினைந்து சிற்றூர்களாகச் சிதறி, நடுவில் ஓடையும் காடுமாக இருப்பார்கள். நர்ஸம்மா ஒரு நாளில் இரண்டு ஊர் பார்த்தால் பெரிது. கடைசி ஊருக்கு அவர் எப்போதாவதுதான் வருவார். ஆபத்து அதிகமாக இருப்பதும் அந்தக் கடைசி ஊரில்தான்.

இது அரசுக்கும் தெரிந்த விஷயம். பேறுகால நாள் நெருங்கும் பெண்களை முன்கூட்டியே அழைத்துவந்து தங்கவைக்க மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் காத்திருப்பு அறைகள் இருப்பதற்கு அதுதான் காரணம். வலி வந்த பிறகு தகவல் தெரிந்து பிரயோஜனமில்லை என்று ஒத்துக்கொண்ட ஏற்பாடு அது.

நோய்க்கு ஊர் வைத்திருக்கும் பெயர்

இனி கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம். எந்த ஊரிலும் யாரும் ‘வயிற்றுப்போக்கினால் நீரிழப்பு’ என்று பேசுவதில்லை. நோய்க்கு ஊரே பெயர் வைத்திருக்கிறது. அந்தப் பெயரே யாரிடம் போக வேண்டும் என்பதையும் முடிவு செய்துவிடுகிறது.

கைக்குழந்தை வாந்தி எடுத்து, வயிறு உப்பி, பச்சையாகக் கழிந்தால் அது மாந்தம். மாந்தம் என்றால் வசம்பு, உரை மருந்து, பாட்டி. குழந்தை கழுத்தைத் திருப்பாமல் அழுதால் உரம் விழுந்திருக்கிறது. உரம் என்றால் புடவையில் போட்டு உருட்டி எடுக்கத் தெரிந்தவர். முதுகிலோ விலாவிலோ வரிசையாகக் கொப்புளம் கிளம்பி எரிந்தால் அக்கி. அக்கி என்றால் குயவர் வீடு. காவியைக் குழைத்து அக்கி எழுதுவார்கள். மஞ்சளாகக் கண் தெரிந்தால் காமாலை. காமாலை என்றால் கீழாநெல்லி. நெஞ்சில் பிடித்து, தோளுக்குப் பரவி, வியர்த்துக் கொட்டினால் பல வீடுகளில் அது வாய்வுப் பிடிப்பு. வாய்வு என்றால் சோடா, ஓமத்திரவம்.

இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே தள்ளாகத் தள்ளுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. இந்த முறைகள் ஊரில் நிலைத்து நிற்பதற்குக் காரணம், பல முறை இவற்றைச் செய்த பிறகு உடம்பு சரியாகியிருக்கிறது என்பதுதான். அக்கிக் கொப்புளம் சில வாரங்களில் பெரும்பாலும் தானாக வற்றிவிடும். காமாலையில் பெரும்பகுதி கெட்ட தண்ணீரால் வரும் கல்லீரல் அழற்சி. அதுவும் பெரும்பாலும் ஓய்விலேயே தணிந்துவிடும். நல்ல பெயர் கீழாநெல்லிக்குப் போகிறது. பத்துப் பேரில் ஒன்பது பேருக்குப் பலித்த வைத்தியத்தைப் பத்தாவது ஆளும் நம்புவதில் என்ன தப்பு?

ஆபத்து அந்தப் பத்தாவது ஆளிடம் இருக்கிறது. அக்கி கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் பார்வை போகலாம். அதற்கான வைரஸ் எதிர்ப்பு மருந்து முதல் மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். கர்ப்பிணிக்கு வரும் காமாலை உயிரை எடுக்கலாம். எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும். வாய்வு என்று நினைத்தது மாரடைப்பாக இருந்தால், சோடா குடித்துக் காத்திருந்த இரண்டு மணி நேரத்தைத் திரும்ப வாங்க முடியாது.

ஆகவே ‘கீழாநெல்லி சாப்பிடாதே’ என்று எழுதிய போஸ்டர் தோற்கும். ‘காமாலையோடு வாந்தி நிற்காவிட்டால், பேச்சு குழறினால், கர்ப்பிணியாக இருந்தால் உடனே வா’ என்று ஊரின் பெயரிலிருந்தே தொடங்கி, எந்த இடத்தில் பாதை மாற வேண்டும் என்று சொல்கிற தகவல் உள்ளே போகும். இப்படிச் சொல்ல, ஊர்ப் பெயருக்குள் என்னென்ன நோய்கள் ஒளிந்திருக்கின்றன என்று சொல்கிறவருக்குத் தெரிய வேண்டும். மருத்துவக் கல்லூரியில் இதற்குப் பாடம் கிடையாது. பத்து வருஷம் ஒரே பகுதியில் வேலை பார்த்த நர்ஸம்மாவுக்குத் தெரியும்.

மொழியும் இதோடு சேர்கிறது. நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் என்று ஒவ்வொருவருக்கும் வீட்டு மொழி வேறு. சுவரில் அச்சுத் தமிழில் எழுதி ஒட்டினால் படிக்கக்கூட ஆள் குறைவு. அங்கே 1990-இல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனை அந்தச் சமூகப் பெண்களையே செவிலியர்களாகவும் கிராம சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தது. தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கியில் 1993 முதல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் கட்டியெழுப்பிய பழங்குடி மருத்துவமனையும் அதே வழியில்தான் போனது. இரண்டு இடத்திலும் மொழிபெயர்ப்பாளரே தேவைப்படாதபடி செய்துவிட்டார்கள்.

மெடிக்கல் ஷாப்பும் ஊசி போடுகிறவரும்

அதிகாரப் படிக்கட்டுக்கு வெளியே இன்னொரு வழி இருக்கிறது. வாரச் சந்தைக்கு இறங்கும்போது மெடிக்கல் ஷாப்பில் நின்று, “ரெண்டு நாளா காய்ச்சல், உடம்பு வலி, மூணு வேளைக்கு மாத்திரை குடுங்க” என்று கேட்பது. கடைக்காரர் நாலைந்து மாத்திரையைப் பொட்டலமாக மடித்துக் கொடுப்பார். அதில் காய்ச்சல் மாத்திரையோடு ஆன்டிபயாடிக்கும் வலி நிவாரணியும் கலந்திருக்கலாம். மருத்துவர் சீட்டு இல்லாமல் தரக்கூடாத மருந்துகள் இவற்றில் உண்டு. இன்னொருவர், முறையான படிப்பில்லாமல் ஊசி போடுகிறவர். சட்டத்துக்கு அவர் போலி டாக்டர். ஊருக்கு அவர் ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினால் திறப்பவர்.

இவர்களை ஏன் நம்புகிறார்கள் என்பதற்கு ‘அறியாமை’ என்பது சோம்பேறித்தனமான பதில். மேலே சொன்ன மூன்று கேள்விகளை வைத்துப் பார்த்தால் காரணம் தெளிவாகத் தெரியும். எங்கே இருப்பார் என்று தெரியும். எவ்வளவு கேட்பார் என்று தெரியும், கடன் சொல்லலாம். திட்டமாட்டார். அதாவது இரண்டாவது, மூன்றாவது கேள்விகளில் அவர் தேறிவிடுகிறார். தோற்பது முதல் கேள்வியில். அது தோற்றது என்பது நோய் முற்றிய பிறகுதான் வெளியே தெரிகிறது.

எதிர்ப்பக்கம், அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். ஆனாலும் பஸ் கட்டணம், கூட இருப்பவரின் சாப்பாடு, போன நாட்களின் கூலி, வீட்டில் ஆட்டுக்குத் தழை போட ஆள் எல்லாம் செலவுதான். இதைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. ‘ஏன் இவ்வளவு நாள் கழிச்சு வர்றே’ என்று அங்கே ஒருவர் வாங்கிவந்த வசவு, அந்த ஊரில் பத்து வருஷத்துக்குத் தகவலாக உலவும்.

போன் எதற்கு உதவும்

போன் பயனில்லை என்று சொல்ல வரவில்லை. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. 104-ஐ அழைத்தால் தமிழிலேயே மருத்துவ ஆலோசனை கேட்கலாம். மனநல ஆலோசனைக்கு 14416. துணை சுகாதார நிலையத்தில் இருந்தபடியே செவிலியர் ஒரு மருத்துவரை வீடியோவில் கூப்பிட்டு நோயாளியைக் காட்டும் இ-சஞ்சீவனியும் இருக்கிறது.

இவற்றில் எது மலையில் வேலை செய்யும் என்பதற்கு ஓர் எளிய சோதனை: அழைப்பின் இந்த முனையில் யார் இருக்கிறார்கள்? பதற்றத்தில் இருக்கும் ஒருவர் சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஓடிப்போய் 108-ஐ அழைத்தால், நோயாளி வீட்டில் இருப்பார், இவர் பாறைமேல் இருப்பார். ‘மூச்சு விடுகிறாரா, கண் திறந்திருக்கிறதா’ என்ற கேள்விக்கு இவரிடம் பதில் இருக்காது. ஊர்ப் பெயரைச் சொன்னாலும் அதே பெயரில் பக்கத்து மலையில் இன்னொரு ஊர் இருக்கும். அழைப்பவர் செவிலியரோ ஆஷாவோ என்றால் கதை வேறு. எதைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும், ஆம்புலன்ஸ் எந்தத் திருப்பம் வரை ஏறும் என்றும் தெரியும். இ-சஞ்சீவனியில் செவிலியரை நடுவில் வைத்தது இதனால்தான் சரியான யோசனை. சிக்னல் இல்லாத இடத்தில் அதுவும் படுத்துவிடும் என்பது வேறு விஷயம்.

இணையத் தேடலுக்கு இன்னொரு சிக்கல். மாந்தம் என்று தேடினால் மாந்தத்துக்கான கைமருந்து வீடியோக்கள்தான் வரும். எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுகிறோமோ அந்தச் சொல்லின் உலகத்துக்குள்ளேயே அது சுற்றவிடும். நர்ஸம்மா செய்கிற வேலையை, அதாவது ‘மாந்தம்னு சொல்றீங்களே, எத்தனை தடவை போச்சு, மூத்திரம் போச்சா, உச்சிக்குழி உள்ளே இறங்கியிருக்கா’ என்று திருப்பிக் கேட்கிற வேலையை, வீடியோ செய்யாது.

சொல்லிக்கொடுத்தால் போதுமா: வங்கதேசம் கற்றது

தொலைவான ஊர்களுக்கு மருத்துவத் தகவலைக் கொண்டுபோனதில் நான் பார்த்தவரை மிகச் சிறந்த பாடம் வங்கதேசத்தில் இருக்கிறது. 1971 போரின்போது மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. மருந்து கைக்கு வந்துவிட்டது. அதை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோவது எப்படி?

பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980-இலிருந்து 1990 வரை ஒரு வேலை செய்தது. பெண் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், தாய்மாரிடம் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார்கள். பொட்டலம் கொடுக்கவில்லை. மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். தாயே தன் கையால் கலக்க வேண்டும். மனப்பாடம் செய்ய வேண்டியவை பத்தே விஷயங்கள். பத்து ஆண்டில் 1.2 கோடிக்கும் அதிகமான வீடுகளுக்குப் போனார்கள்.

இதில் மூன்று விஷயங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

1. சம்பளம். எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று கணக்குப் பார்க்கவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் போய்ச் சில தாய்மாரிடம் கேட்பார். அவர்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ, கலவையை எவ்வளவு சரியாகச் செய்கிறார்களோ, அதற்கேற்பத்தான் கற்றுக்கொடுத்தவருக்குக் கூலி. சொன்னது கணக்கில்லை, போய்ச் சேர்ந்ததுதான் கணக்கு.

2. தெரிந்தும் செய்யாதது. தாய்மார்கள் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னார்கள், கலவையையும் சரியாகச் செய்து காட்டினார்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது மட்டும் பயன்படுத்தியவர்கள் குறைவு. ஏன் என்று தேடிப்போனபோது, கற்றுக்கொடுத்த பணியாளர்களில் பலரே அதை நம்பவில்லை என்று தெரியவந்தது. தங்களுக்கு வயிற்றால் போனால் அவர்கள் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்! இந்தக் கரைசல் உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்று அவர்களுக்கே புரியும்படி மறுபடி பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது.

3. ஆண்கள். வீட்டுக்குள் பெண்கள் பெண்களோடு பேசிவிட்டுப் போனார்கள். இது என்ன புதுசு என்று வெளியே இருந்த ஆண்களுக்குத் தெரியவில்லை. முடிவும் காசும் அவர்கள் கையில். அப்புறம்தான் சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆண்களைக் கூட்டிப் பேசத் தொடங்கினார்கள்.

இரண்டாவது விஷயத்தை நம்மூர்ப் பயிற்சி முகாம்கள் அநேகமாகக் கண்டுகொள்வதே இல்லை. ஒரு நாள் முகாம், ஒரு கையேடு, ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் என்று முடிந்துவிடும். சொல்கிறவருக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியர் 39 கிராமங்களில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஊர்ப் பெண்களுக்குப் பச்சிளம் குழந்தையின் மூச்சை எண்ணவும், நோய்த்தொற்றின் அறிகுறியைக் கண்டுபிடிக்கவும், அவசியமானால் ஆன்டிபயாடிக் ஊசி போடவுமே பயிற்சி கொடுத்தார்கள். பச்சிளம் குழந்தை இறப்பு மூன்றாவது ஆண்டில் 62 சதவீதம் குறைந்திருந்தது என்ற முடிவு 1999-இல் வெளியானது. அங்கே தகவல் சொன்னவரின் கையிலேயே மருந்தும் இருந்தது.

வதந்தியும் அதே வழியில்தான் வருகிறது

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையிலான குழந்தைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் நடந்தது. தொடங்கும் முன்பே வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் சுற்ற ஆரம்பித்துவிட்டன. பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார்கள். இயக்கத்தை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டிவந்தது. 2021 ஏப்ரல் 15-இல் நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி காலமானார். மாரடைப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அன்றைக்கே சொன்னார்கள், பின்னர் ஆராய்ந்த மத்தியக் குழுவும் சொன்னது. ஆனால் “விவேக்குக்கே இப்படி ஆயிடுச்சே” என்ற ஒரு வரி அதற்குள் எல்லா மலையும் ஏறிவிட்டது.

வதந்திக்கு என்று தனிச் சாலை கிடையாது. தெரிந்தவர் குரலில், நம் பேச்சுத் தமிழில், சொந்தக்காரர் அனுப்பியதாக வருகிறது. நல்ல தகவல் வர வேண்டிய வழியும் அதுதான். மறுப்பு மட்டும் அச்சுத் தமிழில், முத்திரையோடு, ஒரு வாரம் கழித்து வரும். ஆறு மாதமாக வந்துபோகிற நர்ஸம்மா ‘என் பிள்ளைக்கும் போட்டேன்’ என்று சொன்ன ஊரில் வதந்தி சீக்கிரம் அடங்கும். அன்றைக்குத்தான் முதல்முறையாக ஊருக்குள் வருகிற ஆளால் அதைச் செய்ய முடியாது.

விளைவுகள்

இப்படிப் பார்த்தால் சில விஷயங்களை வேறு மாதிரி எடைபோட வேண்டியிருக்கிறது.

1. ஒரு துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் பணியிடம் காலியாக இருந்தால், தடுப்பூசி போட ஆள் இல்லை என்பதோடு அது நிற்பதில்லை. அந்தச் சிற்றூர்களுக்கான தகவல் வழியே அடைபடுகிறது. புதிதாக வருகிறவருக்கு வீடுகளைத் தெரிந்துகொள்ளவே ஒரு வருஷம் ஆகும். அடிக்கடி இடமாற்றம் நடந்தால் அந்த ஒரு வருஷம் திரும்பத் திரும்ப வீணாகிறது.

2. இரண்டாவது கேள்விக்கான பதில் மலிவானது. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவில் யார் இருப்பார்கள், பாம்புக்கடி மருந்து எங்கே இருக்கிறது, ஆம்புலன்ஸ் எதுவரை ஏறும் என்று அந்தந்த ஊருக்கென ஒரு தாள் எழுதி, ரேஷன் கடையிலும் அங்கன்வாடியிலும் ஒட்டிவைத்து, மாதாமாதம் திருத்தினால் போதும். பொதுவான விழிப்புணர்வு வாசகங்களுக்குச் செலவழிப்பதில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது.

3. கணக்கும் தகவல்தான். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. ஒவ்வொரு கடியையும் மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒழுங்காக நடந்தால், எந்த மலையில் எந்த மாதம் எவ்வளவு மருந்து வேண்டும் என்பது கைக்கு வரும். ஆனால் வழியிலேயே இறந்து, ஆஸ்பத்திரிக்கு வந்தே சேராதவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அதை ஊர்ப் பணியாளர்தான் எழுத வேண்டும்.

4. எழுதுவது என்றதும் இன்னொரு சங்கடம். நர்ஸம்மாவின் நாளில் பதிவேடுகளும் செயலிகளும் ஏற்கெனவே பெரும்பங்கைத் தின்கின்றன. ஒவ்வொரு புதுத் திட்டமும் ஒரு புதுப் படிவத்தோடு வருகிறது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ‘மாமியாருக்கு எப்படி இருக்கு’ என்று கேட்கிற அரைமணி நேரத்துக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. அதனால் முதலில் குறைவது அந்த அரைமணி நேரம்தான். கண் இமை சரிந்த கதையும், மாமனாருக்கு ரெண்டு நாளாக வாய்வு பிடித்திருக்கிற கதையும் அந்த அரைமணி நேரத்தில்தான் வெளியே வரும்.